ஏற்காட்டில் ஆவிக்குரிய பார்வை பற்றிய ரிட்ரீட்: போகலாமா?

ஏற்காட்டில் ஒரு சின்ன தியான இல்லத்தில் வாரக் கடைசியில் நடக்கிற இந்த ரிட்ரீட்டை (ஒதுங்கியிருந்து வேதத்தைத் தியானிக்கிற முகாமை) பற்றி எங்கள் சபையில் நிறைய பேர் விசாரிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். அதிலும் வருஷக்கணக்காக சபைக்குப் போய்க்கொண்டிருக்கிறவர்கள் கட்டாயம் போங்கள், ஏனென்றால் அங்கே பேசினது இரட்சிக்கப்படாதவர்களின், அதாவது இயேசுவை இன்னும் விசுவாசிக்காதவர்களின், மனக்குருட்டைப் பற்றி இல்லை, நம்முடையதைப் பற்றித்தான்.

முதல் அமர்வு முழுக்க யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரம். பிறவிக் குருடன் சம்பவம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டதுதானே என்று தோன்றும், ஆனால் இயேசு அவன் கண்ணில் சேறு பூசி, அவன் சீலோவாம் குளத்தில் கழுவி, பார்வை வருவதெல்லாம் 7-ஆம் வசனத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி 34 வசனமும் மற்றவர்கள் அவனை என்ன செய்தார்கள் என்பதுதான்: அக்கம்பக்கத்தார் இவன்தானா என்று சந்தேகப்படுகிறார்கள், பெற்றோர் ஜெபஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களோ என்று பயந்து நழுவுகிறார்கள், யூத மதத் தலைவர்களான பரிசேயர் கடைசியில் அவனை வெளியே தள்ளுகிறார்கள். அவனோ முதலில் 'இயேசு என்னப்பட்ட ஒருவர்' என்கிறான், அப்புறம் தீர்க்கதரிசி என்கிறான், முடிவில் 'ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்' என்று பணிந்துகொள்கிறான். கண் ஒரே நாளில் திறந்தது, ஆனால் இயேசு யார் என்பது படிப்படியாகத்தான் அவனுக்குத் தெளிந்தது. வேதம் முழுக்கத் தெரிந்த பரிசேயரோ 'காண்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே இருட்டில் நின்றார்கள். நம் சபைக் கமிட்டிக் கூட்டங்களை நினைத்துப் பார்த்தேன், நெஞ்சு கனத்துவிட்டது.

அங்கே பார்வையில்லாத ஓர் அக்கா வந்திருந்தார். சீஷர்கள் அந்த மனுஷனை முன்னால் வைத்துக்கொண்டே 'இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ' என்று கேட்கிறார்களே, அவனிடம் ஒரு வார்த்தை பேசினார்களா என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. நடத்தின போதகர் ஐயா உடனே 3-ஆம் வசனத்தை எடுத்து, கண் தெரியாததைப் பாவத்தோடு இயேசுவே முடிச்சுப் போடவில்லை, நம் பிரசங்கமும் ஜெபமும் போடக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார். இந்த ஒன்றுக்காகவே அவரை மதிக்கிறேன்.

மதியம் மாற்கு சுவிசேஷம். 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா குருடனுக்கு முதலில் மனுஷர் மரங்களைப்போல நடக்கிறதாகத் தெரிகிறது, இரண்டாவது தடவை கை வைத்த பிறகுதான் தெளிகிறது. 10-ஆம் அதிகாரக் கடைசியில் பர்திமேயு என்ற குருடன் பார்வை பெறுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் இயேசு தாம் பாடுபட்டு மரிக்கப்போவதை மூன்று தடவை சொல்லியும் சீஷர்களுக்குப் புரியவில்லை, யார் பெரியவன் என்ற வாக்குவாதம்தான் நடக்கிறது. கூடவே நடந்தவர்களுக்கே அந்த நிலை. இதைக் கேட்ட பிறகு சகோதரனைப் பகைக்கிறவனுடைய கண்களை இருள் குருடாக்கியது என்கிற 1 யோவான் 2:11-ஐக் கொடுத்து, நாம் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கிற ஒருவர் பெயரைத் தனியாக எழுதச் சொன்னார்கள். யாரும் வாசிக்கவில்லை, கேட்கவும் இல்லை. சரியான முறை.

குறைகளும் உண்டு. பார்வை பற்றிய தியானத்துக்குக் கொடுத்த தாள்களில் எழுத்து அவ்வளவு பொடி, வயதானவர்கள் பக்கத்தில் இருந்தவரை வாசிக்கச் சொன்னார்கள். பிரெயிலும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை, அந்த அக்காவுக்கு இது செய்யக்கூடாத அநியாயம். அடுத்த தடவைக்குள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். கடைசி அமர்வையும் அவசர அவசரமாக முடித்தார்கள், வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் தான் குருடன் என்பதே தெரியாமல் இருந்த லவோதிக்கேயா சபையைப் பற்றி இன்னும் அரை மணி நேரமாவது பேசியிருக்கலாம்.

சாப்பாடு சாதாரணம், சூடாக இருந்தது. கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டிதான். ஸ்வெட்டர் அவசியம். சுகமளிக்கும் கூட்டம் மாதிரி எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும், இது உட்கார்ந்து வேதம் வாசிக்கிற இடம். சேலத்திலிருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மலை ஏறிவிடுங்கள், சனிக்கிழமை காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அந்த முதல் அமர்வு போய்விடும்.