88 வோல்ட் என்று ஒட்டியிருந்த பேட்டரிக்குள் ஐந்தே செல்: பேட்டரி ரம்பம் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

பண்ருட்டி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் அப்பா வைத்த மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு வி.ஆர்.ஐ 3 என்ற முந்திரி ரகத்தில் ஒட்டுக்கன்று வாங்கி, ஏழு மீட்டருக்கு ஒன்றாக 200 மரம் வைத்தோம். இப்போது கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. வருடா வருடம் அறுவடை முடிந்ததும் வேண்டாத கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தே ஆக வேண்டும். அரிவாளால் வெட்டினால் பட்டை கிழிந்து காயம் பெரிதாகிறது. பெட்ரோல் செயின் சாவைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறுவது ஆபத்து. அதனால்தான் முன்னும் பின்னும் ஓடும் பிளேடு வைத்த ரெசிப்ரோகேட்டிங் சா, கடைகளில் சேபர் சா என்றும் பேட்டரி ரம்பம் என்றும் கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதை வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

கடை எது என்று நான் சொல்லப்போவதில்லை. சென்னையில் கருவிகள் விற்கும் ஒரு கடை, அவ்வளவு போதும். இதே சரக்கு இன்று ஊருக்கு ஊர் விற்கிறது, ஆன்லைனிலும் கொட்டிக் கிடக்கிறது.

நான் கேட்டது 18 வோல்ட் ரம்பம். கடைக்காரர், "அண்ணே, 18 எல்லாம் பழசு. கிளை வெட்டவே திணறும். இது 88 வோல்ட். நாலு மடங்குக்கு மேல பவர்" என்று சொல்லி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். இரண்டு பேட்டரி, சார்ஜர், நான்கு பிளேடு, எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். பேட்டரி மேல் பெரிய எழுத்தில் 88 என்றும், கீழே 15000 மில்லி ஆம்பியர் என்றும் அச்சிட்டிருந்தது. கையில் எடுத்தேன், லேசாக இருந்தது. லேசாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடமே அதுதான். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தோப்பில் முதல் நாள் விரல் தடிமன், கட்டைவிரல் தடிமன் கிளைகளெல்லாம் நன்றாகவே விழுந்தன. மணிக்கட்டு அளவு கிளைக்கு வந்ததும் வேகம் குறைந்தது. நான்கு அங்குலக் கிளை ஒன்றில் பாதி போனதும் பிளேடு உள்ளேயே நின்றுவிட்டது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால் இரண்டு முறை அசைந்து மறுபடி நிற்கிறது. பேட்டரியைக் கழற்றினால் கை வைக்க முடியாத சூடு. அடுத்த பேட்டரியைப் போட்டேன், அதே கதை. முந்திரி ஒன்றும் தேக்கோ கருவேலமோ இல்லை, மென்மையான மரம். அதையே அறுக்க முடியாத 88 வோல்ட் எப்படி 88 வோல்ட் ஆகும்?

என் மச்சான் எலக்ட்ரீஷியன். சாயங்காலம் வந்தவர் முதல் வேலையாக முழு சார்ஜ் ஏறிய பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தார். 20.6 வோல்ட் காட்டியது. இன்னொரு பேட்டரியில் 20.5. அப்புறம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தார். உள்ளே பத்து செல் வைக்கும் அளவுக்குக் கூடு, ஆனால் இருந்தது ஐந்து செல். மீதி இடம் காலி.

இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம் அயான் செல். பெரும்பாலும் 18650 என்று அழைக்கப்படும் உருளை வடிவச் செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழு சார்ஜில் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. அதனால்தான் அமெரிக்காவில் டிவால்ட் நிறுவனம் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே ஐந்து செல் பேட்டரிதான். மூன்று செல் என்றால் 10.8, அதைத்தான் 12 வோல்ட் மேக்ஸ் என்கிறார்கள். பத்து செல் 36 வோல்ட், மகிடா அதை 40 வோல்ட் மேக்ஸ் என்று போடுகிறது. பதினைந்து செல் 54, அதுவே 60 மேக்ஸ். இவர்கள் எல்லோரும் முழு சார்ஜில் வரும் எண்ணுக்குப் பக்கத்து எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் செல்லை எண்ணினால் கணக்கு சரியாக வருகிறது.

88 வோல்ட் வர வேண்டுமானால் முழு சார்ஜ் கணக்கில் வைத்தாலும் 21 செல் வேண்டும். ஒரு செல் கிட்டத்தட்ட 45 கிராம் முதல் 48 கிராம் வரை இருக்கும். செல் மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். என் பேட்டரியை மளிகைக்கடைத் தராசில் வைத்தோம், பிளாஸ்டிக்கோடு சேர்த்து 390 கிராம். கடையிலேயே இதைச் செய்திருக்கலாம்.

அந்த 15000 மில்லி ஆம்பியர் இன்னும் பெரிய பொய். இந்த அளவுச் செல்லில் மிக நல்லதே 3500 மில்லி ஆம்பியர் மணி (செல் பிடிக்கும் மின்சாரத்தின் அளவு, 1000 சேர்ந்தால் ஒரு ஆம்பியர் மணி) அளவுதான் பிடிக்கும். செல்களை வரிசையாக இணைத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர் மணி கூடாது. 88 வோல்ட்டில் 15000 என்று எழுதியது உண்மையாக இருந்தால் குறைந்தது 105 செல் வேண்டும், ஐந்து கிலோ எடை வரும். மெதுவாக ஓடும் சின்ன மின்சார ஸ்கூட்டருக்கே அது போதும். மச்சான் தன்னிடம் இருந்த லித்தியம் சார்ஜரில் ஒரு செல்லைப் போட்டு அளந்தார். வந்தது 1300.

பேட்டரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று பார்க்க வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்று நாணயமாக எழுதிய பேட்டரியில் 90 வாட் மணி. என்னுடையதில் 18 பெருக்கல் 1.3, கிட்டத்தட்ட 23 வாட் மணி. நான்கு மடங்கு என்று சொல்லி விற்ற பொருள் நான்கில் ஒரு பங்கு.

இது எத்தனை நேரம் ஓடும் என்கிற கணக்கு மட்டும். கிளைக்குள் பிளேடு நின்றதற்குக் காரணம் வேறு. ரம்பம் மரத்தில் இறங்கும்போது மோட்டார் அதிக ஆம்பியர் கேட்கும். நல்ல கருவிச் செல் ஒன்று 20 ஆம்பியர் வரை கொடுக்கும். இரண்டு இரண்டாகப் பக்கவாட்டில் இணைத்து, அந்த ஐந்து ஜோடியை வரிசையாகச் சேர்த்த பத்து செல் பேட்டரி 40 ஆம்பியர் வரை தாங்கும். 18 வோல்ட்டில் அது 700 வாட்டுக்குப் பக்கம். மலிவான செல்லால் அந்த வேகத்தில் மின்சாரம் தர முடியாது. செல்லுக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் உள்தடை அதிகம் என்பதால் கேட்கக் கேட்க வோல்ட் விழும், விழுந்த மிச்சமெல்லாம் சூடாக மாறும். மச்சான் மீட்டர் கம்பிகளை முனையில் பிடித்துக்கொள்ள, நான் நான்கு அங்குலக் கட்டையை அறுத்துப் பார்த்தேன். 20 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 13க்கு இறங்கியது, அப்புறம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை மின்சாரத்தை வெட்டிவிட்டது. ஆக, அறுக்கும் நேரத்தில் என் கையில் இருந்தது 13 வோல்ட் ரம்பம்.

அடுத்த வாரம் பக்கத்துத் தோப்புக்காரர் தன் மகிடா 18 வோல்ட் ரம்பத்தைக் கொண்டுவந்தார். பேட்டரி 5 ஆம்பியர் மணி. ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் வெட்டினோம். அவருடையது 12 நொடியில் அறுத்தது. என்னுடையது 40 நொடி தாண்டியும் முடியாமல் நின்றது. பிறகு ஒன்று செய்து பார்த்தோம். இந்த நகல் ரம்பங்களின் பேட்டரிப் பள்ளம் மகிடாவின் அச்சில்தான் இருக்கிறது, அவருடைய பேட்டரி என் ரம்பத்தில் உட்கார்ந்தது. அதே கிளை, அதே பிளேடு, 22 நொடியில் விழுந்தது. '88 வோல்ட்' பேட்டரியைக் கழற்றிவிட்டு 18 வோல்ட் போட்டதும் ரம்பத்துக்கு உயிர் வந்தது. அந்தக் கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று அன்று எனக்கு வயிறு எரிந்தது. (இப்படி மாற்றிப் போட்டு வேலை செய்யாதீர்கள். அசல் கருவியில் பேட்டரி தீரும்போதும் சூடேறும்போதும் நிறுத்தச் சொல்லும் இணைப்பு இருக்கும், நகலில் அது இருக்காது. நல்ல பேட்டரி கெட்டுப்போகும். நாங்கள் ஒரே ஒரு வெட்டு பார்த்ததோடு சரி.)

சரி, நல்ல பேட்டரி போட்டும் 22 நொடி ஏன்? இரண்டிலும் பிளேடு முன்பின் ஓடும் தூரத்தை அளந்தோம். அவருடையது 32 மில்லிமீட்டர். என்னுடையது 15. தடித்த மரத்தில் பிளேடு கொஞ்ச தூரமே ஓடினால் மரத்தூள் வெட்டை விட்டு வெளியே வராது, பல் தூளையே அரைத்துக்கொண்டிருக்கும். மகிடாவிலேயே ஒரு கையில் பிடிக்கும் சின்ன மாடல்களில் ஓட்டம் 13 மில்லிமீட்டர்தான், அது 12 வோல்ட்டானாலும் 18 வோல்ட்டானாலும். பிளம்பர் குழாய் அறுக்க அது போதும், கவாத்துக்குப் போதாது. என் பெட்டியில் இந்த எண்ணை எங்கேயும் போடவில்லை. வோல்ட்டை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

உண்மையான 36 வோல்ட் எதற்கு என்றும் கேட்கலாம். அதற்கு நியாயமான பயன் உண்டு. அதே வாட்டை 36 வோல்ட்டில் எடுத்தால் ஆம்பியர் பாதியாகும், கம்பியில் உண்டாகும் சூடு கால்வாசியாகும். நாள் முழுக்கப் பெரிய மரம் அறுப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் 18 வோல்ட் 5 ஆம்பியர் மணியும் 36 வோல்ட் 2.5 ஆம்பியர் மணியும் ஒரே பத்து செல், ஒரே 90 வாட் மணி. இணைத்த விதம்தான் வேறு. வோல்ட் இரண்டு மடங்கு என்பதற்காக இரண்டு மடங்கு மரம் விழாது. பிளக்கில் செருகி ஓட்டும் பெரிய ரம்பங்கள் 1100 வாட் எடுக்கின்றன. பேட்டரியில் அதைத் தொட வேண்டும் என்றால் செல்லின் எண்ணிக்கையும் தரமும் வேண்டும், ஸ்டிக்கர் வேலைக்கு ஆகாது.

கடைக்குப் போன் செய்தேன். "சார், அது 88 வோல்ட் இல்லை, 88 வி.எஃப். அது மாடல் பேரு" என்றார். ஸ்டிக்கரைப் பார்த்தேன். உண்மைதான், 88க்குப் பக்கத்தில் வி, அதையொட்டிச் சின்னதாக ஒரு எஃப். 21 வி.எஃப், 48 வி.எஃப், 128 வி.எஃப் என்று இந்தச் சரக்கு எல்லாவற்றிலும் அந்த எழுத்து நிற்கிறது. விற்கும்போது வாயால் வோல்ட் என்பார்கள், கேள்வி கேட்டால் மாடல் என்பார்கள். நேரில் போனபோது, பேட்டரியைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது என்று முடித்துவிட்டார். பில்லைக் காட்டுங்கள் என்றார். என்னிடம் இருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி எண் இல்லை, கடை முத்திரை இல்லை. பில் போடாவிட்டால் 18 சதவீத வரி மிச்சம் என்று அவர் சொன்னபோது நான்தான் சரி என்றேன். அந்த மிச்சத்துக்காக என் கையில் இருந்த ஒரே ஆதாரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பேட்டரியைத் திறக்காதீர்கள். முழு சார்ஜ் ஏற்றி, ஸ்டிக்கரும் மல்டிமீட்டரின் எண்ணும் ஒரே காட்சியில் தெரிய வீடியோ எடுங்கள். முந்நூறு ரூபாய் மீட்டர் போதும். தராசில் வைத்தும் எடுங்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பில் இல்லாத எனக்கு இப்போது அது ஒன்றுதான் துணை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இதைக் கேளுங்கள்: உள்ளே எத்தனை செல், எத்தனை ஆம்பியர் மணி, பிளேடு ஓட்டம் எத்தனை மில்லிமீட்டர். நல்ல கருவி விற்பவர் பெட்டியைத் திருப்பி எண்ணைக் காட்டுவார். காட்டாமல் "பவர் செமையா இருக்கும்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிளேடையும் பாருங்கள். பச்சை மரத்துக்கு அங்குலத்துக்கு ஐந்து, ஆறு பல் இருக்கும் நீளப் பிளேடு வேண்டும். என் பெட்டியில் வந்த நான்கில் இரண்டு, நெருக்கமான பல் வைத்த இரும்பு அறுக்கும் பிளேடு.

கவாத்தைப் பக்கத்துத் தோப்புக்காரரின் ரம்பத்தை இரவல் வாங்கி முடித்தேன். வெட்டிய இடங்களில் பூஞ்சணம் வராமல் தடுக்கும் போர்டோ பசை பூசியாகிவிட்டது. திறக்காத இன்னொரு பேட்டரியையும் நம்ப முடியவில்லை. அதை வீட்டுக்கு வெளியே மணல் போட்ட பழைய சட்டியில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த மாதிரிப் பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள், தயவுசெய்து. 1915இல் புகார் பதிவு செய்து ஒன்பது நாள் ஆகிறது. கடையிலிருந்து பதில் வந்தால் இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன்.