டி.என்.ஏ. சிதைவைக் கண்டறிய ஜெல், டேப்ஸ்டேஷன், க்யூ.பி.சி.ஆர்.: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

சீக்வென்சிங்குக்கு (டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிப்பதற்கு) போகும் முன் டி.என்.ஏ. சிதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் பல வருடமாக என் வேலை. ரத்தம், இலை, பாரஃபின் கட்டியில் சீவிய திசு என்று எல்லாம் வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டரில் உறிஞ்சப்படும் ஒளியின் விகிதம்) 1.8 வந்தால் சாம்பிள் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண், புரதம் கலந்திருக்கிறதா என்பதற்குத்தான் துப்பு. துண்டு துண்டாகிப்போன டி.என்.ஏ.வும் 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சத்தான் செய்யும். ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட் கருவி, எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். நீளத்தைப் பற்றி அதுவும் வாய் திறக்காது.

எனக்கு இன்றும் முதல் நம்பிக்கை, மின்சாரம் பாய்ச்சி டி.என்.ஏ.வை நீளப்படி பிரிக்கும் அகரோஸ் ஜெல்தான்; சிறிய துண்டு கீழே ஓடும், பெரியது மேலே நிற்கும். 0.8 சதவீத ஜெல், பக்கத்தில் நீளம் தெரிந்த துண்டுகள் கொண்ட லாம்டா ஹிண்ட்-3 லேடர் (அளவுகோல்), குறைந்த வோல்டேஜ், அவசரப்படாத ஓட்டம். லேடரின் 23 கிலோபேஸ் (23,000 பேஸ் நீள) பேண்டை, அதாவது பட்டையை, ஒட்டியோ அதற்கு மேலோ ஒரே இறுக்கமான பேண்ட் நின்றால் கவலையில்லை. அங்கிருந்து கீழ்வரை ஸ்மியராக, பூசினாற்போல இழுத்தால் டி.என்.ஏ.வை வெட்டும் நியூக்ளியேஸ் நொதி வேலை செய்திருக்கலாம், அல்லது பிரித்தெடுக்கும்போது முரட்டுத்தனமாகக் கலக்கியிருக்கலாம். ஏறக்குறைய 180 பேஸ் இடைவெளியில் படிப்படியாகப் பேண்டுகள் தெரிந்தால், செல்கள் அப்போப்டோசிஸில் (தாமாகவே திட்டமிட்டு இறப்பதில்) இறந்திருக்கின்றன. அடியில் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் ஆர்.என்.ஏ.; ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதி போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சிதைவு இருக்கிறது என்பதோடு, ஏன் வந்தது என்பதையும் ஜெல் காட்டிக்கொடுக்கிறது. ஜெல்லில் சாம்பிள் ஊற்றும் குழியான வெல்லில் அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். நல்ல சாம்பிளும் வால் விட்டுச் சிதைந்தது போலத் தெரியும்.

ஒரு பிளேட் நிறையச் சாம்பிள் வந்தால் தானாகவே ஜெல் ஓட்டிப் பார்க்கும் கருவியான டேப்ஸ்டேஷனுக்குப் போவேன். ஒரு மைக்ரோலிட்டர் போதும். 1 முதல் 10 வரை ஒரு டின் மதிப்பு (டி.என்.ஏ. எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதற்கான எண்; கூடினால் நல்லது) தரும். 7-க்கு மேல் வந்தால் ஷார்ட் ரீட் வேலைக்கு (சிறு துண்டுகளாகப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு) தயங்குவதில்லை. எண்ணோடு நிறுத்தாமல் வரைபடத்தையும் பாருங்கள் என்று கூட வேலை செய்பவர்களிடம் எப்போதும் சொல்வேன். நீண்ட துண்டுகளைப் படிக்கும் லாங் ரீடுக்கு இது போதாது. மிக நீளமான இழைகளைப் பிரித்துப் பார்க்க, 1984-ல் ஷ்வார்ட்ஸும் கேன்டரும் கொண்டுவந்த பல்ஸ்டு-ஃபீல்டு முறைதான் (மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஜெல் ஓட்டுவதுதான்) சரி.

ஃபார்மலினில் கிடந்த திசுவின் கதை வேறு. அதில் இழை உடைவதோடு குறுக்குப் பிணைப்புகளும் உண்டாகும், சைட்டோசின் யுராசிலாகவும் மாறும். நீளம் ஓரளவு இருந்தாலும் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டை நகலெடுத்துப் பெருக்கும் முறை) எடுக்காமல் போகலாம். அதனால், பெருகும் அளவையும் கணக்கிடும் க்யூ.பி.சி.ஆரில் ஒரு சிறிய துண்டையும் ஒரு பெரிய துண்டையும் பெருக்கி ஒப்பிடுவதே நியாயமான சோதனை; சிதைந்திருந்தால் பெரியது குறைவாகவே பெருகும். தடயவியலில் பயன்படும் குவான்டிஃபைலர் ட்ரையோ கிட்டும் 80, 214 பேஸ் துண்டுகளை வைத்து இதைத்தான் செய்கிறது. பழைய எலும்பில் ஜெல்லை நம்பவே கூடாது, பாக்டீரியா டி.என்.ஏ. அழகான பேண்டாக நிற்கும். மனித டி.என்.ஏ.வை மட்டும் பிடிக்கும் க்யூ.பி.சி.ஆர். அங்கே தப்பாமல் உதவும்.

புதிதாக ஆய்வகம் அமைப்பவர்கள் முதலில் நல்ல ஜெல் டாங்கும் படம் எடுக்கும் கருவியும் வாங்குங்கள், பிறகு க்யூபிட். டி.என்.ஏ.வை வெறும் தண்ணீரில் வைக்காமல் டி.இ. பஃபரில் (டிரிஸ், இ.டி.டி.ஏ. கலந்த கரைசலில்) வையுங்கள், டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதிக்குத் தேவையான மக்னீசியத்தை அதிலுள்ள இ.டி.டி.ஏ. பிடித்து வைத்துக்கொள்ளும். சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து, முதல் நாள் ஜெல் படத்தைச் சாம்பிள் பதிவோடு சேர்த்து வையுங்கள். பின்னால் ஸ்மியர் வந்தால், அது வரும்போதே இருந்ததா, ஃப்ரீசரில் வந்ததா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.