கார் சீட் பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்

போன மாதம் கோவையில் குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் 21,500 ரூபாய் கொடுத்து கார் சீட் வாங்கினோம். பெண்ணுக்கு ஏழு மாதம். மாதம் ஒரு தடவையாவது திருநெல்வேலிக்குக் காரில் போகிறோம், இனிமேல் மடியில் வைத்துக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்து வாங்கியது.

காட்சிக்கு வைத்திருந்த சீட்டில் ஐசோஃபிக்ஸ் பேஸ் (கார் சீட்டுக்குள் இருக்கும் கம்பிகளில் கொக்கியால் மாட்டும் அடிப்பகுதி) இருந்தது, தரையில் ஊன்றும் கால் இருந்தது, அப்புறம் பேஸின் ஓரத்தில், காரின் சாய்மானத்தை ஒட்டி நிற்கிற மாதிரி வளைந்த கம்பி ஒன்று. அதுதான் ரீபவுண்ட் பார். அதைப் பார்த்துத்தான் அந்த மாடலையே எடுத்தோம். விற்பனைப் பையனிடம் இரண்டு தடவை கேட்டேன். "இதேதான் மேடம், பேக்டு பீஸ் தர்றேன்" என்றான்.

வீட்டில் பிரித்தால் கம்பி இல்லை. அது நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. கையேடும் இல்லை. காலின் அடிப்பகுதியில் காய்ந்த மண். யாரோ வாங்கி, மாட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்த சீட் என்பது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

போன் பண்ணினால் கடைக்காரர் சொன்ன பதில்: "அது இல்லாட்டியும் பரவாயில்லைம்மா, கால் இருக்குல்ல, அதுதான் ரீபவுண்டைத் தடுக்கிறது."

இல்லை, தப்பு. இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். நம் வீட்டுத் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு தள்ளு தள்ளினால் போகும், போனது திரும்பி வரும். குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி பின்னோக்கி மாட்டிய சீட்டும் அப்படித்தான். வண்டி எதிலாவது மோதினால் சீட் முதலில் வண்டியின் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும், ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டும் பேஸைப் பிடித்திருந்தாலும் அந்தப் புள்ளியிலேயே சுழலும். அந்தச் சுழற்சியைத் தாங்கத்தான் தரையில் ஊன்றும் கால். அதே வேகத்தில் அடுத்த நொடிக்குள் சீட் திரும்ப எகிறி, குழந்தையின் முகம் பின்சீட்டுச் சாய்மானத்தைப் பார்த்துப் போகும், இதுதான் ரீபவுண்ட். கால் தரையில் சும்மா நிற்கிறதே தவிர தரையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, சீட் மேலே எழும்பும்போது அதுவும் சேர்ந்து எழும்பிவிடும். சாய்மானத்தில் முட்டி இந்தத் திரும்பும் வேகத்தைக் குறைப்பது அந்தக் கம்பி.

கம்பியே இல்லாத நல்ல சீட்டுகளும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. அவை அப்படியே வடிவமைத்துச் சோதிக்கப்பட்டவை. பேஸ் இல்லாத சில கூடை சீட்டுகளில் கைப்பிடியை நிமிர்த்தி வைத்தால் அதுவே இந்த வேலையைச் செய்யும், எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று கையேட்டில்தான் இருக்கும் (கையேடு இல்லாமல் விற்கிறவரை என்ன சொல்ல). ஆனால் கம்பியோடு சோதித்த சீட்டைக் கம்பி இல்லாமல் விற்றால் அது சோதித்த சீட்டே இல்லை. பேஸில் ஆர்129 (குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதி) என்று ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கிறதே என்று நானும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தேன். பெட்டிக்குள் எல்லா உறுப்பும் இருக்கிறதா என்பதை ஸ்டிக்கரா வந்து சொல்லும்?

மறுநாள் நேரில் போனோம். கடைக்காரர் அசரவில்லை. குழந்தையின் கால் மடங்குகிறது என்றால் முன்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள், அப்போது கம்பியே வேண்டாம் என்றார். ஏழு மாதக் குழந்தையை! ஆர்129 விதிப்படி 15 மாதம் முடியும்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். அதைச் சொன்னதும், சரி, டிரைவர் பக்கத்து சீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், பார்வையிலேயே இருக்கும் என்றார். முன்சீட்டில் ஏர்பேக் இருக்கும்போது பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது, விரிகிற பை நேராகச் சீட்டின் முதுகில் அடிக்கும். என் கணவர் அதுவரை பேசாமல் நின்றவர், பணத்தைக் கொடுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லையாம். கம்பெனி உதவி எண்ணில் கேட்டோம், அந்த மாடலுக்குக் கம்பி பெட்டிக்குள்ளேயே வரும், தனியாக விற்பதில்லை என்று மின்னஞ்சலிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அப்புறம்தான் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "பேக்கிங் சேதம்" என்று 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். அந்த 2,000-க்கான புகார் இன்னும் முடியவில்லை.

நேற்று இவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர் கடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அதே மாடல், புது டேப் ஒட்டி, அடுக்கில் இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் நான் பேனாவால் எழுதிய எங்கள் பில் எண் அப்படியே இருக்கிறதாம்.