பாலா, மடியா, மறுமொழியா?

என் தங்கை மகளுக்குப் பத்து மாதம். பகலில் பாலும் கஞ்சியும் புகட்டுவது என் அம்மா. ஆனால் மிக்சி அலறினால் குழந்தை தவழ்ந்து போய்ப் பற்றிக்கொள்வது என் அப்பாவின் வேட்டியை. "ஊட்டுவது நான், ஓடுவது உங்களிடமா?" என்று அம்மா தினமும் குறைப்பட்டுக்கொள்கிறார். குழந்தையின் பாசம் எதனால் ஒருவரிடம் ஒட்டுகிறது? உளவியலாளர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட கேள்வி இது.

பால்தான் பாசத்துக்கு வேர் என்பது பழைய கட்சி. பசி தீரும்போது, தீர்ப்பவரின் முகமும் அந்த நிறைவோடு சேர்ந்து பதிகிறது என்றார்கள். மனத்தின் ஆழத்தைத் தோண்டிய ஃப்ராய்டு வழியினரும், வெளித்தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய்ந்த நடத்தையியலாளர்களும் இந்த ஓரிடத்தில் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள்.

அதை ஆட்டிவைத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோ. தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார்: ஒன்று வெறும் கம்பி, மற்றது மெத்தென்ற துணி போர்த்தியது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் குடித்து முடித்ததும் துணித் தாயிடமே ஒட்டிக்கொண்டன. 1958இல் இதை அவர் வெளியிட்டபோது பால் கட்சி நிலைகுலைந்தது. அதற்காகத் தொடுகை முழுதாக வென்றது என்று நான் ஒப்பமாட்டேன். துணியைக் கட்டிக்கொண்டு தனியே வளர்ந்த அந்தக் குட்டிகள் பின்னாளில் மற்ற குரங்குகளோடு பழகத் தெரியாமல் தவித்தன. அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. துணி அணைக்கும்; கூப்பிட்டால் ஏனென்று கேட்காது.

என் வாக்கு மூன்றாவது கட்சிக்கு: மறுமொழி. ஷாஃபர், எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை வீடு வீடாகப் போய்த் தொடர்ந்து கவனித்து 1964இல் எழுதினார்கள். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் ஒருவர், குழந்தை அதிகம் தேடுவது வேறொருவர் என்ற நிலை பல வீடுகளில் இருந்தது. குழந்தையின் குரலுக்குச் சட்டென்று திரும்பி, அதோடு விளையாடுகிறவரிடமே பிணைப்பு இறுகியது. 1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கீச்சிடும். ஒன்றும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் எதிரிலேயேதான் இருக்கிறார், பதில்தான் இல்லை. எங்கள் அப்பா செய்வதும் இதன் மறுபக்கமே: அது "ஊ" என்றால் செய்தித்தாளை மடித்துவிட்டு இவரும் "ஊ" என்பார்.

ஒருவரிடம் மட்டுமா, பலரிடமுமா என்பது அடுத்த வழக்கு. பிணைப்புக் கோட்பாட்டைக் கட்டியெழுப்பிய ஜான் பௌல்பி, குழந்தைக்கு முதன்மையான ஒருவர் உண்டு, பெரும்பாலும் அது தாய் என்றார். அவரையே வளர்த்தது ஒரு தாதி. தனக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் அந்தத் தாதி பிரிந்துபோனதைத் தாயை இழந்ததற்கு ஒப்பாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கிளாஸ்கோ குழந்தைகளோ ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் ஒட்டியிருந்தன. பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் இருவரையும் தாயாகவே அழைத்த சங்கப் பாடல்களைப் படித்த நமக்கு இதில் வியப்பில்லை.

பிள்ளை தன்னை மறந்துவிடும் என்று தங்கை இன்னும் அஞ்சுகிறாள். மாலை ஆறரைக்கு வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், குழந்தை வேட்டியை விட்டுவிட்டுக் கதவை நோக்கித் தவழ்கிறது.