ஏற்காடு ஏறி இறங்க எது: மீட்டியோர் 350-ஆ, அவெஞ்சர் 220-ஆ?

சேலத்தில் குரூஸர் பைக் (தாழ்ந்த சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டும் வகை) தேடுகிறவர்களில் பலர் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220. விலையில் அரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அந்தக் காசு எங்கே போகிறது என்பது அஸ்தம்பட்டி சிக்னலில் தெரியாது. அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவில் தெரியும்.

மீட்டியோரின் பவர் 20 பிஎஸ் (குதிரைத்திறன்) சொச்சம், எடை 191 கிலோ. அவெஞ்சர் 19 பிஎஸ், 163 கிலோ. “எடைக்குப் பவர் பாத்தா அவெஞ்சர்தாங்க முன்னாடி” என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த 19 பிஎஸ் வருவது 8,500 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்று). 20 கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்பும்போது இன்ஜினை யாரும் அப்படிக் கதற விடுவதில்லை. அங்கே வேண்டியது இழுவை, அதாவது டார்க். மீட்டியோர் 4,000 ஆர்பிஎம்மிலேயே 27 என்எம் டார்க் தந்துவிடும், அவெஞ்சரின் 17.5 என்எம்முக்கு 7,000 வரை முறுக்க வேண்டும். மீட்டியோரின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 85.8 மி.மீ., அவெஞ்சருக்கு 62.4, குணம் மாறுவது அங்கேதான். பின்னால் ஆள் இருந்தால் மீட்டியோர் இரண்டாவது கியரிலேயே வளைவை விட்டு வெளியே வந்துவிடும். அவெஞ்சரை வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கிவிட வேண்டும். நடுவில் மாற்றலாம் என்று தயங்கினால் இன்ஜின் தட்டும், வண்டி சாய்ந்தபடியே நிற்கப் பார்க்கும்.

உயரமும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர், ஏற்காடு 1,500. மேலே போய்ச் சேரும்போது இரண்டு வண்டியுமே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். எஃப்ஐ (இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) பெட்ரோலைக் குறைத்துச் சரிக்கட்டும், இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்?

டெஸ்ட் ரைடுக்கு மலை வரை வண்டி தரமாட்டார்கள். ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் போதும். பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் மூன்றாவது கியர், 30 கிலோமீட்டர் வேகம், பிறகு மெதுவாக முறுக்குங்கள். உதறாமல் வேகம் எடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய விஷயம். மீட்டியோரில் முன்னால் 300, பின்னால் 270 மி.மீ. டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது). அவெஞ்சரில் முன் டிஸ்க்குக்கு மட்டும் ஏபிஎஸ், பின்னால் டிரம். பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, மிதி ஆழமாகப் போகும், பிடிமானம் குறையும். மழை முடிந்த காலையில் சில்வர் ஓக் சருகு ரோட்டில் ஒட்டிக்கிடக்கும். அதன்மேல் டிரம்மை அழுத்தினால் பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கும். எந்த வண்டியானாலும் ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுவது, பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

அவெஞ்சரின் வீல்பேஸ் (இரண்டு சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட தூரம்) 1,490 மி.மீ., மீட்டியோரைவிட 90 அதிகம். நெடுஞ்சாலையில் அது சுகம். கொண்டை ஊசியில் அகலமாகச் சுற்றி எதிர் பஸ்ஸின் பக்கம் போகும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி யூ டர்ன் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பஞ்சர் விஷயத்தில் பேச்சே இல்லை. மீட்டியோரின் அலாய் வீலில் டியூப்லெஸ் டயர். ஆணி ஏறினால் ரோட்டோரத்திலேயே பிளக் அடித்துப் போகலாம். அவெஞ்சர் குரூஸில் ஸ்போக்ஸ், டியூப். சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கொட்டச்சேடு பக்கம் மாட்டிக்கொண்டால் பொழுது போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் அவெஞ்சரைத் தள்ளிவிட முடியாது. சீட் உயரம் 737 மி.மீ., மீட்டியோருக்கு 765. ஐந்தடி சொச்சம் உயரமுள்ளவருக்கு அவெஞ்சரில் இரண்டு காலும் முழுதாக ஊன்றும். புதிய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் 28 கிலோ குறைவு என்பது கைக்கும் இடுப்புக்கும் தெரியும். ஆத்தூர், சங்ககிரி என்று சமவெளியிலேயே ஓடுகிறவர், வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் மலை ஏறுகிறவர் அரை லட்சம் அதிகம் கொடுப்பது வீண். மாதம் இரண்டு முறை ஜோடியாக ஏற்காடு என்றால் மீட்டியோர்தான்.

அவெஞ்சரின் பெரிய விண்ட்ஷீல்டு மார்கழிப் பனிமூட்டத்தில் பொடித் துளியாகப் படிந்து மங்கும். உட்கார்ந்து பாருங்கள்: கண் அதன் மேல் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் கழற்றிவிடுங்கள். மீட்டியோருக்கு வேறு குறை. பின் ஷாக் கடினம், கால் முன்னால் நீட்டியிருப்பதால் குழியின் அடி நேராக முதுகுத்தண்டின் அடியில் இறங்கும். தனியாக ஓட்டும்போது ஸ்பிரிங்கைக் குறைந்த படியில் வைத்து, ஆள் ஏறும்போது இரண்டு படி ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.