கியாந்தியின் கல்லும் ஓர்ச்சாவின் களிமண்ணும்: டஸ்கனியில் எங்கே ஓடுவது?

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், சியெனா நகரை நடுவில் வைத்துப் பார்த்தால் வடகிழக்கே கியாந்திக் குன்றுகளும், தென்கிழக்கே வால் தோர்ச்சா எனப்படும் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கும், வடமேற்கே மோன்தெரிஜோனிக் கோட்டையிலிருந்து நகருக்குள் வரும் பழைய யாத்திரைப் பாதையும் இருக்கின்றன. மூன்றுமே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியவை. இத்தாலிக்கு ஒரு வாரம் வந்து, அதில் இரண்டு மூன்று காலைப்பொழுதுகளை டிரெயில் ஓட்டத்துக்கு (காட்டிலும் குன்றிலும் மண்பாதையில் ஓடுவதற்கு) ஒதுக்க முடிந்தவர் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்; படத்தில் எப்போதும் வெல்வது வால் தோர்ச்சா. வளைந்து ஏறும் வெள்ளைச் சாலை, ஓரத்தில் சைப்ரஸ் வரிசை, உச்சியில் ஒரு பண்ணை வீடு என்ற அந்தக் காட்சியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஓடுகிறவரின் கால் காட்சியின் மேல் படுவதில்லை, மண்ணின் மேல் படுகிறது. மண்ணை அளவுகோலாக வைத்தால் வரிசை மாறிவிடும்.

கியாந்தியின் நிலம் கல் சார்ந்தது. அங்குள்ள திராட்சை விவசாயிகள் இரண்டு பெயர்களை ஓயாமல் சொல்வார்கள்: கையால் நொறுக்கினால் தகடு தகடாக உதிரும் காலெஸ்த்ரோ, கெட்டியான சுண்ணாம்புக்கல்லான அல்பெரேசே. மழைநீர் இவற்றின் இடுக்குகளில் விரைவாக இறங்கிவிடுவதால், இரவு முழுதும் பெய்தாலும் காலையில் ஓடும் அளவுக்குப் பாதை தேறிவிடும். வால் தோர்ச்சாவின் நிலமோ, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண். உழுத வயல்களில் இன்றும் சிப்பி ஓடுகள் அகப்படுகின்றன. வெயிலில் அது சிமெண்டுத் தரையைப்போல் இறுகும். நனைந்தால் அது வேறு பொருளாகவே ஆகிவிடும்.

அதை நான் ஓர் ஏப்ரல் மாதக் காலையில் வால் தோர்ச்சாவின் சான் குவிரிகோ என்ற ஊருக்கு வெளியே தெரிந்துகொண்டேன். முந்தைய இரவில் பெரிய மழை என்று சொல்ல முடியாது. சரளைச் சாலையில் ஈரம்கூடப் போய்விட்டிருந்தது. கோதுமை வயலின் வரப்பை ஒட்டிச் சென்ற குறுக்குப் பாதையில் இறங்கிய நூறு அடிக்குள் ஷூவின் அடியில் சாம்பல் நிறக் களிமண் ஒரு அடுக்கு ஏறியது, அதன் மேல் புல், அதன் மேல் இன்னொரு அடுக்கு. உதறினால் விழவில்லை. ஐந்து மில்லிமீட்டர் ஆழப் பற்கள் கொண்ட ஷூவின் அடிப்பாகம் இட்லித் தட்டை மாவால் மெழுகியதுபோல் வழவழவென்று ஆகி, பிடிப்பு முற்றிலும் போய்விட்டது. மழைக்குப் பின் கரிசல் காட்டில் நடந்தவருக்கு இது புதிதாக இருக்காது. ஒரு குச்சியை ஒடித்துச் சுரண்டியபடி சாலைக்குத் திரும்ப, வந்ததைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது.

இதனால்தான் இரண்டு நாள் மட்டுமே உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது கியாந்தி. ராடா என்னும் சிற்றூரிலிருந்து (சுமார் 530 மீட்டர் உயரம்) வடக்கே பேசா ஆற்றின் பள்ளத்தில் இறங்கி, எதிர்ச்சரிவில் வோல்பாயா என்ற கல்வீட்டுக் கிராமத்துக்கு ஏறி, அங்கிருந்து காட்டுக்குள் நுழைந்து கியாந்தி மலைத்தொடரின் உச்சியான மோன்தே சான் மிகேலேவைத் தொட்டுத் திரும்புவதுதான் என் முதல் தேர்வு. உச்சி 890 மீட்டரை ஒட்டியது. அந்த எண்ணைப் பார்த்து எளிதென்று எடைபோட்டுவிடக் கூடாது. தொடங்கிய உடனேயே இறங்க வைத்து, தொடையைச் சூடேற்றி, பிறகு ஏற வைப்பதும், திரும்பும்போது களைத்த காலோடு ராடாவுக்கு மறுபடி ஏற வேண்டியிருப்பதும்தான் இதன் கடுமை. ஏறக்குறைய 20 கி.மீ. தூரத்தில் முழுத் தட்டையாக ஓடக்கூடிய நீளம் மிகக் குறைவு. வோல்பாயா வரை திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆலிவ் மரங்களுக்கும் இடையே போகும் பாதை, அதற்கு மேல் ஓக், செஸ்ட்நட் மரங்களின் கீழ் ஒற்றையடிப் பாதையாகச் சுருங்குகிறது. இலையுதிர் காலத்தில் சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அல்பெரேசேக் கற்களில் கணுக்கால் பிசகுவதே இங்கு உண்மையான ஆபத்து. ஆகவே இறக்கத்தில் எட்டி வைக்காமல், குறுகிய அடிகளாக ஓடுவது நல்லது.

கியாந்தியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது வேலிகளின் ஊர். காட்டுப்பன்றியும் மானும் திராட்சையைத் தின்றுவிடாமலிருக்கத் தோட்டங்களைச் சுற்றிக் கம்பி வலையும், சில இடங்களில் மின்வேலியும் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் நேராகப் போகும் தடம் நேரில் ஒரு படலில் முட்டி நிற்கும். திறக்க முடிந்த படலைத் திறந்து கடந்த பின் மூடிவிட்டுப் போவதை அங்கே யாரும் தனியாகச் சொல்லித்தர மாட்டார்கள். தெரிந்திருக்கும் என்றே எதிர்பார்ப்பார்கள். இத்தாலிய ஆல்பைன் கழகம் கற்களிலும் மரங்களிலும் தீட்டி வைத்திருக்கும் சிவப்பு வெள்ளைக் கோடுகளை நம்பிப் போனால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். பரந்து விரிந்த காட்சியை விரும்புகிறவருக்குக் கியாந்திக் காடு ஏமாற்றமும் தரலாம். உச்சியிலேயே மரங்கள் மறைக்கும்.

காட்சி என்று வந்தால் வால் தோர்ச்சாவுக்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2004-இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியக் களமாக அறிவித்ததும் மனிதர் உழுது வடிவமைத்த நிலக்காட்சி என்ற காரணத்துக்காகவே. சான் குவிரிகோவிலிருந்து பழைய வின்யோனிக் குடியிருப்பு வழியாகப் பான்யோ வின்யோனிக்கு இறங்கும் ஆறு கி.மீ. அளவிலான பாதை இங்குள்ள மிகச் சிறந்த குறுகிய ஓட்டம். அந்த ஊரின் நடுவே, சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில், வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது. அதில் இறங்கக் கூடாது. ஆனால் ஊருக்குக் கீழே பழைய நீராலைகளின் இடிபாடுகளுக்கு நடுவே அதே நீர் வாய்க்காலாக ஓடுகிறது, அங்கே காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். விதலேத்தா சிற்றாலயத்தைக் கடந்து பியென்ஸா வரை போகும் வெள்ளைச் சாலைகளும் இதேபோல் தடையின்றி ஓடக்கூடியவை. கண்டிப்பாகச் சொன்னால் இவை டிரெயில் அல்ல, கார் போகும் சரளைச் சாலைகள். கோடையில் ஒரு கார் கடந்தால் அரை நிமிடத்துக்கு மூச்சில் புழுதிதான்.

நிழல் இன்னொரு சிக்கல். சைப்ரஸ் மரம் படத்தில் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அதன் நிழல் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. நண்பகலில் அதுவும் காலடிக்குள் சுருங்கிவிடும். சான் குவிரிகோவிலிருந்து ராடிகோஃபானி வரையிலான முப்பத்திரண்டு கி.மீ. சொச்சத்தை ஒரே மூச்சில் ஓட நினைப்பவர் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசிப் பகுதி முழுதும் வெட்டவெளியில் ஏற்றம், சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் எதிரே தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் நெருங்காது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கினோ தி தாக்கோ என்ற கொள்ளையர் தலைவன் அந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு வழிப்போக்கரைப் பறித்தான். இப்போது அந்த ஏற்றத்தில் பறிபோவது தண்ணீர். பான்யோ வின்யோனியை விட்டால் நம்பி நிரப்பக்கூடிய இடங்கள் அரிது, ஆகவே இரண்டு லிட்டருக்குக் குறைந்து கொண்டுபோவது விவேகமல்ல. ஜூலை, ஆகஸ்டில் இந்த ஓட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மோன்தெரிஜோனியிலிருந்து சியெனாவுக்கு வரும் 20 கி.மீ. பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கேன்டர்பரிப் பேராயர் சிகெரிக் 990-ஆம் ஆண்டு ரோமிலிருந்து திரும்பியபோது தங்கிய 79 இடங்களைக் குறித்து வைத்தார். அந்த வழியே இன்றைய வியா ஃபிரான்சிஜெனா. வழிகாட்டிக் குறிகள் அடிக்கடி வருகின்றன, ஏற்றங்கள் மிதமானவை, காட்டு நிழலும் உண்டு, முடியும் இடத்தில் பேருந்து உண்டு. டிரெயிலில் முதன்முதலாகக் கால் வைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பழகியவருக்கு இது சற்றுச் சாதுவாகத் தோன்றும். வாகனம் இல்லாதவருக்கோ வேறு கேள்வியே இல்லை. கியாந்தியின் சிற்றூர்களுக்குப் போகும் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்பதாகக் கணக்கில் வைக்கக் கூடாது.

விலங்கு விஷயத்திலும் இரண்டு நிலங்களுக்கும் இரண்டு வழக்கம். கியாந்தியில் அஞ்ச வேண்டியது பன்றியைவிடப் பன்றி வேட்டையை. இத்தாலியில் வேட்டைப் பருவம் பொதுவாகச் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை. ஆனால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டை கூடாத நாட்கள். இலையுதிர்கால ஓட்டத்தை அந்த நாட்களில் வைத்துக்கொண்டு, பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையும் போட்டுக்கொள்வது நலம். வால் தோர்ச்சாவில் ஆட்டு மந்தைகளைக் காக்கும் வெள்ளை மாரெம்மா நாய்கள் உண்டு. ஓடிவரும் மனிதரை அவை மந்தைக்கு ஆபத்தாகவே கருதும். மந்தை கண்ணில் பட்டதும் நடைக்கு மாறி, அகலமாகச் சுற்றிப் போக வேண்டும். அங்கே நேரக் கணக்குப் பார்க்கக் கூடாது.

மூன்று நாள் கிடைத்தால் நான் வைக்கும் வரிசை இது: முதல் நாள் மோன்தெரிஜோனி, இரண்டாம் நாள் ராடா. மூன்றாம் நாள் வால் தோர்ச்சா, ஆனால் நிபந்தனையோடு. சான் குவிரிகோவில் விடியற்காலையில் வண்டியை நிறுத்தியதும் சாலையோரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பேன். தடம் பதியாவிட்டால் வயல் பாதை. பதிந்தால், தெற்கே தெரியும் அமியாத்தா எரிமலைக்கு வண்டியைத் திருப்பிவிடுவேன். 1,738 மீட்டர் உயரமுள்ள அந்த அணைந்த மலையின் செஸ்ட்நட், பீச் காடுகளில் களிமண் இல்லை, ஈரம் நிற்பதும் இல்லை.