ம்ட்வாரா முந்திரி: கொட்டையாகக் கப்பலேற்றுவதா, அங்கேயே பருப்பாக்குவதா?

தான்சானியாவின் தென்கோடியில், ம்ட்வாரா, லிண்டி பகுதிகளில், அக்டோபர் முதல் ஜனவரி வரை முந்திரி வரத்து. அந்த நேரத்தில் பண்ருட்டி, மார்த்தாண்டம், கொல்லம் ஆலைகளில் உள்ளூர்க் கொட்டை தீர்ந்துகொண்டிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிப்ரவரிக்கு முன் புதுச் சரக்கு கிளம்பாது. இந்த இடைவெளிதான் ம்ட்வாராக் கொட்டைக்கு மவுசு தருகிறது. அங்கே முதல் போட நினைப்பவருக்கு முன்னால் இரண்டு வழி உண்டு: ஏலத்தில் கொட்டை எடுத்துக் கப்பலேற்றுவது, அல்லது அங்கேயே ஆலை போட்டுப் பருப்பாக விற்பது.

பெரும்பாலானோர் கணக்கை ஏற்றுமதி வரியில் தொடங்குகிறார்கள். கச்சாக் கொட்டைக்கு எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும்வரை ஆகும் விலையில், 15 சதவீதம் அல்லது டன்னுக்கு 160 டாலர், இரண்டில் எது அதிகமோ அது வரி. டன் 1,300 டாலர் என்று வைத்தால் 195 டாலர். பருப்பாக்கினால் இந்த வரி கிடையாது, ஆகவே ஆலைதான் லாபம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது பாதிக் கணக்கு. மீதிப் பாதி, போட்ட பணம் எத்தனை நாள் முடங்கிக் கிடக்கிறது என்பது.

வாங்கும் முறை இரண்டு வழிக்கும் ஒன்றுதான். விவசாயி ஆம்கோஸ் எனும் கிராமக் கூட்டுறவில் கொட்டையைப் போடுவார். அது டானெக்கு, மாம்கு போன்ற ஒன்றியங்கள் வழியாகக் கிடங்குக்கு வந்து, ரசீது பதிந்து, ஏலத்துக்குப் போகும். தோட்டத்துக்கே போய் முன்பணம் கொடுத்து, கிண்ணத்தால் அளந்து எடுப்பதற்கு அங்கே 'கங்கோம்பா' என்று பெயர். அது சட்டவிரோதம். 'மலிவாக எடுத்துத் தருகிறேன்' என்று யார் வந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கைச்செலவுக்குத் தவிக்கும் விவசாயியின் வயிற்றில் அடித்து வருகிற மலிவு அது.

ஏலத்துக்கு முன் செய்யவேண்டியது வெட்டுச் சோதனை. பத்து மூட்டைக்கு ஒன்றாவது பிரித்து, மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, ஒரு கிலோ நிறுத்துக்கொள்ள வேண்டும். எண்ணினால் 200-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எண்ணிக்கை ஏற ஏறக் கொட்டை சிறுசு, பருப்பும் டபிள்யூ 240 (பவுண்டுக்குச் சுமார் 240 முழுப் பருப்பு) தரத்தை விட்டு 320, 450 பக்கம் போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக வெட்டி நல்லது, புள்ளி விழுந்தது, முற்றாதது, சொத்தை எனத் தனித்தனியாகக் குவிக்க வேண்டும். நல்லதன் எடையை முழுதாகவும், புள்ளி விழுந்ததையும் முற்றாததையும் பாதியாகவும் கிராமில் கூட்டி, 0.1764-ஆல் பெருக்கினால் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்ற அவுட்டர்ன் வந்துவிடும். 283 கிராம் என்றால் ஏறக்குறைய 50 பவுண்டு. இந்த எடை தோலோடு நிறுத்தது. தோலும் ஈரமும் போக, டன்னுக்குக் கையில் வருவது 250 கிலோவை ஒட்டித்தான். விலையை அவுட்டர்னால் வகுத்துப் பார்க்காமல் ஏலம் கேட்கக் கூடாது. 1,200 டாலருக்கு 48 பவுண்டுச் சரக்கு, 1,300 டாலருக்கு 53 பவுண்டுச் சரக்கு என்று இரண்டு லாட் இருந்தால், விலை கூடியதுதான் உண்மையில் மலிவு.

கொட்டை வியாபாரத்தின் பலம் வேகம். ஏலப் பணம் கட்டி, சரக்கை விடுவித்து, ஏற்றி, வாங்குபவரிடம் பணம் பெற 75 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் டன்னுக்குச் செலவு 40 டாலர். இந்தியாவில் கச்சாக் கொட்டைக்கு இறக்குமதி வரியும் 2018-இல் 2.5 சதவீதமாகக் குறைந்தது. இதில் கழுத்தை அறுப்பது ஈரம். டிசம்பர் மழைக்குப் பிறகு வரும் லாட்டுகளில் ஈரமானி 10-ஐத் தாண்டும். அதை அப்படியே கண்டெய்னரில் அடைத்தால், பகல் சூட்டில் எழும் ஆவி இரவில் கூரையில் பட்டுச் சொட்டி, மேலடுக்கு மூட்டைகள் பூசணம் பிடித்துவிடும். சுவரிலும் கூரையிலும் கிராஃப்ட் தாள் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டே ஏற்றவேண்டும். பூசணத்திலிருந்து தப்பினாலும் எடை தப்பாது: 10 சதவீத ஈரம் 8-க்கு இறங்கினால் 16 டன்னில் 350 கிலோ போய்விடும். இறங்கிய எடைக்குத்தான் பணம் என்று ஒப்பந்தம் இருந்தால் அது உங்கள் கணக்கில் விழும்.

ஆலையின் கதை வேறு. நாளுக்கு 10 டன், ஆண்டுக்கு 250 நாள் ஓட்ட 2,500 டன் வேண்டும். வரத்து இருக்கும் மூன்று நான்கு மாதத்திலேயே அத்தனையும் வாங்கியாக வேண்டும். 32.5 லட்சம் டாலர் கிடங்கில் உட்கார்ந்துவிடும். சராசரியாக அரையாண்டு இருப்புக்கு வட்டி மட்டும் டன்னுக்கு 97 டாலர், கொட்டை வியாபாரியைவிட 57 கூடுதல். அடுத்தது உடைசல். முழுப் பருப்பு 70 சதவீதத்திலிருந்து 60-க்கு இறங்கினால் டன்னுக்கு 25 கிலோ துண்டாகிறது. கிலோவுக்கு 2 டாலர் வித்தியாசம் என்றால் 50 டாலர் போச்சு. வரியில் மிச்சம் பிடித்த 195-இல் நிற்பது 88. கூலி, மின்சாரம், உதிரிபாகம் ஆகியவற்றில், பருப்பு ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் வியட்நாமைவிட எவ்வளவு கூடுகிறதோ, அதுவும் இந்த 88-க்குள் அடங்கவேண்டும்.

உடைசல் எங்கே வருகிறது என்பதும் தெரிந்ததே. அளவுவாரியாகச் சலிக்காமல் வெட்டு இயந்திரத்தில் போட்டால் பெரிய கொட்டை நசுங்கும், சிறியது வெட்டுப்படாமல் நழுவும். ஆவியில் வேகவைத்த கொட்டையை ஓர் இரவு ஆறவிடாமல் வெட்டினால் பருப்பு ஓட்டோடு பிய்ந்து வரும். போர்மா எனும் உலர்த்தும் அடுப்பில் 65–70 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் காய வேண்டும். குறைந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், மிஞ்சினால் தொட்டதும் பிளக்கும். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் கைத்தோலைச் சுட்டுப் பொசுக்கும் என்பதால் கையுறை இல்லாமல் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. கூலிக் கணக்கில் இதில் கைவைப்பவர் இந்தத் தொழிலுக்கே வரவேண்டாம்.

இன்னொன்று: ஆலை வைத்தால் பருப்பை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்ற நினைப்பு வேண்டாம். 2019-இல் முழுப் பருப்புக்குக் கிலோ 720 ரூபாய் என்று இந்தியா குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அமெரிக்கா, ஐரோப்பா, வளைகுடா நாடுகளில் வாங்குபவர் கையில் இருந்தால்தான் ஆலை.

தான்சானியா இந்தப் பாடத்தை ஏற்கெனவே பட்டிருக்கிறது. உலக வங்கிக் கடனையும் கொண்டு 12 ஆலைகள் எழும்பின. ஆனால் 1973-74-இல் 1,45,000 டன்னாக இருந்த விளைச்சல் 1980-களின் நடுவில் 20,000 டன்னுக்கும் கீழே போனது. கொட்டை இல்லாமல் பெரும்பாலான ஆலைகள் முடங்கின. இன்று விளைச்சல் தாராளம். ஆனால் ஜனவரிக்குள் வாங்கி வைக்கப் பணம் இல்லாத ஆலைக்கு ஜூனில் அதே கதிதான்.

கொட்டை வழியின் ஆபத்து அரசாணை. 2018-இல் ஏல விலையை விவசாயிகள் ஏற்க மறுத்தபோது, அப்போதைய அதிபர் மகுஃபுலி ராணுவத்தை இறக்கி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்று அறிவித்தார். விவசாயிக்கு நியாயமான முடிவு. ஆனால் முன்கூட்டியே விற்றுவைத்த வியாபாரி கையில் சரக்கு இல்லை. ஏலத்தில் எடுக்காத கொட்டையை யாருக்கும் விற்காதீர்கள். உள்ளூரிலேயே பதப்படுத்த வேண்டும் என்று அரசு தொடர்ந்து சொல்லிவருவதால், நீண்ட நாள் நோக்கில் காற்று ஆலைப் பக்கம்தான் வீசுகிறது.

நடுவழி ஒன்றும் உண்டு: உடைத்து, போர்மாவில் காயவைத்து, தோல் நீக்காமல் வியட்நாமுக்கு அனுப்புவது. ஆள் அதிகம் தின்னும் தோலுரிப்பும் தரம்பிரிப்பும் மிச்சம். பணமும் சீக்கிரம் திரும்பும்.

எங்கள் கணிப்பில், கையில் 10 லட்சம் டாலருக்குக் குறைவாகவும் வங்கிக் கடனை நம்பியும் இருப்பவர் முதல் இரண்டு பருவம் கொட்டையே செய்யட்டும், அதுவும் அக்டோபர், நவம்பர் லாட்டுகளை மட்டும். நேவாலா, தண்டாஹிம்பா, மசாசி என்று கிடங்குவாரியாக வெட்டுச் சோதனைக் கணக்கை எழுதிவைக்கட்டும். பிறகு ஆலை போடும்போது எந்தக் கிடங்கில் எந்த வாரம் வாங்குவது என்பதை அந்த நோட்டு சொல்லும்.